யூகோஸ்லாவியா ஏன் உடைந்தது? தாளும் பேனாவும் கொண்டு புரிந்துகொள்ளும் வழி

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருந்த யூகோஸ்லாவியா என்ற நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் விடை, ‘காலங்காலமான இனப்பகை’. அதை அப்படியே ஏற்காதீர்கள். அதே மக்கள்தான் 1945 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நாட்டில் வாழ்ந்தார்கள். கலப்பு மணமும் செய்துகொண்டார்கள். பகை மட்டுமே காரணம் என்றால் 1991 வரை ஏன் உடையவில்லை?

படி 1: எட்டுப் பெயர்களை எழுதுங்கள்

ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மான்டினீக்ரோ, மாசிடோனியா ஆகியவை 6 குடியரசுகள். செர்பியாவுக்குள் இருந்த கொசோவோவும் வோய்வோதினாவும் தன்னாட்சி மாகாணங்கள். 1974 அரசமைப்பின் கீழ் இந்த எட்டுக்கும் கூட்டுத் தலைமைக் குழுவில் இடம் உண்டு. நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ இருந்தவரை, பிணக்கு வந்தால் அவர் வைத்ததே சட்டம். 1980 மே 4 அன்று அவர் இறந்தார்.

படி 2: கடனைக் குறித்துக்கொள்ளுங்கள்

1980களில் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். 1989இல் பணவீக்கம் 1,000 சதவீதத்தைத் தாண்டியது. வளமான ஸ்லோவேனியா, தெற்குக்கு ஏன் நிதி தர வேண்டும் என்று கேட்டது.

படி 3: வாக்குகளை எண்ணுங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். என் கணிப்பில் முடிச்சு இதுதான். செர்பியத் தலைவர் மிலோஷெவிச்சின் ஆதரவாளர்கள் திரண்டு நடத்திய போராட்டங்களால் 1988 அக்டோபரில் வோய்வோதினா தலைமையும், 1989 ஜனவரியில் மான்டினீக்ரோ தலைமையும் பதவி விலகின. மார்ச்சில் கொசோவோ சட்டமன்றத்தைச் சுற்றி டாங்கிகள் நிற்க, அதன் தன்னாட்சி பறிக்கப்பட்டது. செர்பியாவையும் சேர்த்து இந்த நான்கு பெயர்களையும் வட்டமிடுங்கள். எட்டில் நான்கு ஒரே கையில். 1991 மே 15 அன்று முறைப்படி கூட்டுத் தலைமைக் குழுவின் தலைவராக வேண்டிய குரோஷியர் மெசிச்சுக்கு 5 வாக்குகள் தேவை, 4தான் கிடைத்தன. ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலையை அறிவித்தன.

படி 4: கட்சி எங்கே போனது என்று கேளுங்கள்

எல்லாரையும் கட்டி வைத்திருந்த ஆளும் கட்சியான கம்யூனிஸ்ட் லீக், 1990 ஜனவரியில் பெல்கிரேடில் கூடிய மாநாட்டில் சிதறியது. ஸ்லோவேனியர்களின் தீர்மானங்கள் ஒவ்வொன்றாகத் தோற்கடிக்கப்பட்டன. அவர்கள் வெளியேறினார்கள், குரோஷியர்களும் பின்தொடர்ந்தார்கள். அதே ஆண்டு ஒவ்வொரு குடியரசிலும் தனித்தனியே பல கட்சித் தேர்தல் நடந்தது. நாடு முழுவதற்குமான தேர்தல் நடக்கவே இல்லை. ஆக, மக்களின் வாக்கைப் பெற்றவர்கள் தனித்தனிக் குடியரசுகளின் தலைவர்கள் மட்டுமே. கூட்டாட்சிக்காகப் பேச, வாக்குப் பெற்ற ஒருவர்கூட இல்லை.

படி 5: மக்கள்தொகையைப் பாருங்கள்

ஏன் பிரிந்தது என்பது வேறு, ஏன் இத்தனை ரத்தம் என்பது வேறு. ஸ்லோவேனியாவில் ஸ்லோவேனியர்களே மிகப் பெரும்பான்மை. போர் பத்து நாளில் ஓய்ந்தது. போஸ்னியாவில் 1991 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 44 சதவீதம், செர்பியர் 31, குரோஷியர் 17. எங்கே கோடு கிழித்தாலும் யாரையாவது விரட்டியாக வேண்டும், விரட்டினார்கள், கொன்றார்கள். 1995க்குள் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். இதை வெறும் ‘இனப்பகை’ என்று கடந்துபோவது, முடிவெடுத்தவர்களைத் தப்பவிடுவதாகும்.

பயிற்சிக்கு, இதே படிகளை 1993 ஜனவரி 1 அன்று அமைதியாகப் பிரிந்த செக்கோஸ்லோவாகியாவுக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே எந்தப் படியில் விடை மாறுகிறது?