குன்றிமணி இருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

பேச்சில் குண்டுமணி எனப்படும் குன்றிமணி, வேலியிலும் புதரிலும் தானாகப் படர்ந்து இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்களைப் பூக்கும் அவரைக் குடும்பத்துக் கொடியாகும். புளிய இலையை ஒத்த இலைகளும், முற்றி வெடித்த காயில் ஒட்டியிருக்கும் கருமூக்குள்ள சிவப்பு விதைகளும் இதன் அடையாளங்கள். முழுச்சிவப்பாகச் சற்றுப் பெரிதாக இருக்கும் ஆனைக்குன்றிமணி வேறொரு மரத்தின் விதை. குன்றியிலேயே வெள்ளை விதை வகையும் உண்டு. நிறத்தைப் பார்த்து நஞ்சில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பொற்கொல்லர் எடையாகப் பயன்படுத்திய ஒரு குன்றி ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். அவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் ஆப்ரின் என்னும் நச்சுப்பொருள், உடலின் உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதையே நிறுத்திவிடுகிறது. தோல் உடையாத விதையை விழுங்கினால் அது பெரும்பாலும் அப்படியே மலத்தில் வெளியேறிவிடும். ஆனால் கடிபட்ட, நசுங்கிய, மாலை கோக்கத் துளையிட்ட விதையாக இருந்தால், ஒன்றே ஒன்றுகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதித்த மணிகளைப் பூசை முடிந்ததும் எண்ணி எடுத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையே போதும்.

குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுத்துவிட்டு, 108-ஐ அழைத்தோ நேராகவோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீதமுள்ள விதையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி ஆகியவை சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் தள்ளியோகூடத் தோன்றலாம் என்பதால், பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய தவறு. இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்து கிடையாது. நீரிழப்பை ஈடுசெய்து உறுப்புகளைக் காப்பதே சிகிச்சை.

மருத்துவப் பயன்பாட்டில் இலையும் விதையும் ஒன்றல்ல. இனிப்புச் சுவையுள்ள இலையை வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக்கட்டுக்கும் மென்று சாற்றை விழுங்கும் வழக்கம் உண்டு. விதையைச் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்த பிறகே, அதாவது நஞ்சை முறிக்கப் பக்குவப்படுத்திய பிறகே, மருந்தில் சேர்ப்பர். ஆப்ரின் வெப்பத்தில் சிதையும் தன்மையுடையது என்பதால், பாலில் வேகவைக்கும் சுத்தி முறைக்குத் தெளிவான பொருள் இருக்கிறது. ஆயினும் நஞ்சு முழுவதும் நீங்கிற்றா என்பதை வீட்டு அடுப்பில் அறிய வழியில்லை. புழுவெட்டுக்கு விதையை அரைத்துப் பூசும் வைத்தியத்தையும் நீங்களாகச் செய்யாதீர்கள். சிராய்ப்போ புண்ணோ உள்ள தோலின் வழியாகவும் நஞ்சு உள்ளே இறங்கும்.