ஆடுன ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு கிரானைட் துண்டு

கிருஷ்ணகிரில எங்க வீட்டு ஹால்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ரெண்டும் முதல்ல டிவி ஸ்டாண்ட் மேலதான் இருந்துச்சு, பேஸ் வந்தா பலகையும் சேர்ந்து உறுமும், தவில் சத்தம் தகர டப்பா தட்டுற மாதிரி கேக்கும். சரின்னு லேசான இரும்பு ஸ்டாண்ட் வாங்குனேன், அது இன்னும் மோசம், பாப்பா ஓடுனாலே ஆடுது, ஒருநாள் சாயப் போனத அம்மாதான் புடிச்சாங்க.

நம்ம ஊர்ல கிரானைட்டுக்கா பஞ்சம்? பட்டறைல கெடந்த கழிவுத் துண்டு ரெண்டு, 18 எம்எம் கனம், அடிக்கு அடி வெட்டி ஓட்டையும் போட்டு வாங்கியாந்து அடித்தட்டுக்குக் கீழ போல்ட் போட்டுட்டேன், ஒரு துண்டே நாலு கிலோவுக்கு மேல வருது. ஸ்டாண்டோட குழாய் உள்ள மணல் ரொப்புனேன், வெயில்ல நல்லா காயவெச்சுதான் போடணும், ஈரமா போட்டா உள்ள துரு புடிக்கும். முன்னாடி தட்டுனா டங்குனு கேக்கும், இப்ப தொப்புதான்.

உயரம் முக்கியம், உக்காந்தா ட்வீட்டர், அதான் கீச்சு சத்தம் வர்ற சின்ன ஸ்பீக்கர், காதுக்கு நேரா வரணும், எங்க சோபாவுக்கு 24 இன்ச் சரியா இருந்துச்சு. டைல்ஸ் தரைங்கிறதால ஸ்டாண்டுக்கு அடில கூர் ஆணி வேணாம்னு ரப்பர் புஷ்தான். ஸ்பீக்கர் அடில நாலு மூலைலயும் பட்டாணி அளவு ப்ளூ டாக், அதான் களிமண் மாதிரி பிசைஞ்சு ஒட்டுறது.

வீடு கூட்ட நகத்த முடியலன்னு அம்மா திட்டறாங்க, அதுக்குத்தான் இன்னும் வழி தெரியல.