இரண்டாவது சோதனைக்கு முன்னால் வாய் திறக்காதீர்கள்

சேலத்தில் ஐசியூ வாசலில் நின்று, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் உறுப்பு தானம் கேட்கும் கோஆர்டினேட்டர் வேலை என்னுடையது. புதிதாக வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் என் பழைய முட்டாள்தனமே வேறு சட்டை போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது. போனை அணைத்து வை, சிரிக்காதே என்பதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஆறு மணி நேரத்துக்குள் கேட்பது

மூளைச்சாவை உறுதி செய்ய நான்கு மருத்துவர்கள், இரண்டு சோதனைகள், நடுவே குறைந்தது ஆறு மணி நேரம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும் கேட்பது இது. உறுப்பை எடுக்கப்போகிற டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனாலும் முதல் சோதனை முடிந்ததுமே கால் பரபரக்கும். பிபி இறங்கிக்கொண்டிருக்கும், ஹார்ட் நின்றுவிட்டால் எல்லாம் போச்சே என்று.

நானும் அப்படித்தான் போனேன். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்த பையன். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்ததாம். அப்பா வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி போடுகிறவர். முதல் சோதனை மாலையில் முடிந்தது. அடுத்தது நள்ளிரவுக்கு மேல். ஒன்பது மணிக்கு அவரைக் கேன்டீன் ஓரமாக உட்காரவைத்து இதமாகத்தான் பேசினேன். தலையை ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு தாய்மாமன் வந்தார்.

"ஏனுங்க, இன்னொரு டெஸ்ட்டு இருக்குதுன்னா இன்னும் முடிவாகலன்னுதானுங்க அர்த்தம்? அதுக்குள்ள கிட்னி கேக்கறீங்க?"

என்ன சொல்ல? அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு டாக்டர்கள் சொன்ன இரண்டாவது முடிவு, உறுப்புக்காகச் சொன்ன முடிவாகவே அவர்களுக்குப் பட்டது. வென்டிலேட்டரை எடுக்கவும் விடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் இதயம் நின்றது. அதுவரை அந்த அம்மா கதவோரமே கிடந்தார், யாராவது வந்து மகனை அறுத்துவிடுவார்களோ என்று காவல் இருந்தபடி. உறுப்புகள் வீணானதைவிட அந்தக் காவல்தான் இன்னும் என்னை அரிக்கிறது. போன மாதம்கூட ஒரு புதுப்பையன் இதையே செய்தான். கத்திவிட்டேன்.

அந்த ஆறு மணி நேரத்தில் விளக்கம் மட்டும்தான். மெஷினைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, தானாக மூச்சு எடுக்கிறானா என்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். 'கோமா' என்ற சொல் வாயில் வரவே கூடாது, கோமாவில் இருப்பவர் எழுந்து வரலாம். 'மூளை போயிருச்சு, ஆனா ஹார்ட் ஓடுது' என்றும் சொல்லாதீர்கள். அந்த 'ஆனா'வைத்தான் பெற்றவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது சோதனை முடிந்ததும் டாக்டர் வந்து 'இறந்துட்டார்' என்று சொல்லட்டும். அவர்கள் அழட்டும். அப்புறம் நாம்.

பில் பேச்சு

தானத்துக்காக உடலைப் பராமரிக்கும் செலவும் உறுப்பை எடுக்கும் செலவும் குடும்பத்தின் தலையில் விழக்கூடாது என்பது விதி. ஆனால் அதைச் சம்மதத்துக்கு முன்னால் சொன்னால் அதுவே பேரம். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்குக் கிட்னி விற்ற விவகாரம் வெளிவந்த பிறகு, இந்தப் பக்கத்தில் 'கிட்னி' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஹிதேந்திரன் கதை

2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த அந்தப் பெற்றோர் இருவருமே டாக்டர்கள். மானிட்டரைப் படிக்கத் தெரிந்தவர்கள். மரவள்ளிக்காரரிடம் அதை உதாரணம் காட்டினால், 'உங்களுக்கு மனசு வரலையா' என்றுதான் கேட்கும்.

'எட்டுப் பேருக்கு வாழ்வு'

மேடையில் சொல்லுங்கள், ஐசியூ வாசலில் வேண்டாம்.

அதிகம் பேசுகிறவரிடமே பேசுவது

கையெழுத்து அப்பா போடுவார். மாமனும் பங்காளியும் இல்லாமல் போட மாட்டார். அம்மாவை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினீர்களென்றால் மறுநாள் அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

போலீசைக் கடைசியில் கூப்பிடுவது

விபத்து என்றால் போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் உண்டு. 2021 நவம்பரிலிருந்து இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம், ஆனால் ஸ்டேஷனிலிருந்து காகிதம் வர வேண்டுமே. சம்மதம் வந்த நிமிடமே போன் போடுங்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு, அதற்கும் அதிகாரிகளுக்குத் தகவல் போக வேண்டும். 'பாடி எத்தனை மணிக்குங்க கிடைக்கும்?' என்று கேட்டால், நீங்கள் நினைப்பதைவிட மூன்று மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். ஊரில் பந்தல் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.