லிசெலோட்டேயின் முன்னோர் பட்டியலை எண் போட்டு எழுதுவது எப்படி?

ஐரோப்பிய அரச குடும்பத்தின் வம்சாவளியைப் படமாக வரைய ஆரம்பித்தால் நான்காவது தலைமுறையிலேயே தாளில் இடம் தீர்ந்துவிடும். எண் முறை சுலபம். உதாரணத்துக்கு, 1652இல் ஹைடல்பெர்க்கில் பிறந்த எலிசபெத் ஷார்லோட்டேயை எடுத்துக்கொள்வோம். வீட்டில் லிசெலோட்டே. 1671இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்.

படி 1: எண்

லிசெலோட்டே 1. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. இம்முறையை 1898இல் பிரபலமாக்கிய ஷ்டெஃபான் கெக்குலே, பென்சீன் வளையத்துக்காக நாம் பள்ளியில் படித்த அதே கெக்குலேயின் மகன்.

படி 2: முதல் ஏழு பேர்

பலாட்டினேட், ஹெஸ்ஸன்-காஸல், ஹானாவ் மூன்றும் அக்கால ஜெர்மன் சிற்றரசுகள்.

2. கார்ல் லூட்விக், பலாட்டினேட் (1617–1680)
3. ஷார்லோட்டே, ஹெஸ்ஸன்-காஸல் (1627–1686)
4. ஐந்தாம் ஃபிரீட்ரிஷ், பலாட்டினேட் (1596–1632)
5. எலிசபெத் ஸ்டூவர்ட், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள் (1596–1662)
6. ஐந்தாம் வில்ஹெல்ம், ஹெஸ்ஸன்-காஸல் (1602–1637)
7. அமாலியே எலிசபெத், ஹானாவ் (1602–1651)

1ஐயும் சேர்த்து நான்கு பெண்கள். நால்வர் பெயரிலும் எலிசபெத் அல்லது ஷார்லோட்டே! அதனால் வெறும் பெயரை எழுதாதீர்கள். பிறந்த வீடும் ஆண்டுகளும் கட்டாயம் வேண்டும். பெண்களுக்குப் புகுந்த வீட்டுப் பெயரைப் போட்டால் அடுத்த தலைமுறையில் தடம் மாறிவிடும்.

படி 3: ஒரே ஆள், இரண்டு எண்

சுவாரசியம் இங்கேதான். 9ஆம் எண் லூயிஸே யூலியானா, அப்பா வழிக் கொள்ளுப்பாட்டி. 15ஆம் எண் கத்தரீனா பெல்ஜிகா, அம்மா வழிக் கொள்ளுப்பாட்டி. இருவரும் உடன்பிறந்த சகோதரிகள். ஆரஞ்சு இளவரசர் வில்லியமுக்கும் ஷார்லோட் டி பூர்பானுக்கும் பிறந்தவர்கள். ஆக வில்லியமுக்கு 18, 30 என்று இரண்டு எண்கள். ஷார்லோட்டுக்கு 19, 31. பதினாறு பேர் இருக்கவேண்டிய தலைமுறையில் பதினான்கு பேர்தான்.

எண்ணை அழிக்கக் கூடாது. "30 = 18" என்று குறித்துவிட்டு, அதற்கு மேலே உள்ள முன்னோரை 18இன் கிளையில் மட்டும் தொடருங்கள். பழகிப் பார்க்க 17ஐயும் 24ஐயும் தேடுங்கள். அவர்களும் அண்ணன் தங்கை. எனவே ஹெஸ்ஸனின் முதலாம் ஃபிலிப் 34ஆகவும் 48ஆகவும் வருவார்.

படி 4: தேதிச் சிக்கல்

ஒரே பிறப்புக்குப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் கிடைத்தால் பதற வேண்டாம். கத்தோலிக்கப் பகுதிகள் பெரும்பாலும் 1580களிலேயே பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து பத்து நாள் முன்னே ஓடும் புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறின. ஜெர்மன் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700இல்தான் மாறின. எந்த நாட்காட்டி என்பதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

சரிபார்க்க, அக்காலப் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் அச்சிட்ட அடக்க ஆராதனைப் பிரசங்கங்கள் உதவும். இறந்தவரின் வாழ்க்கையும் முன்னோரும் அவற்றில் இருக்கும். பெருமைக்காக எழுதியவை என்பதால் பழைய தலைமுறைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

படி 5: உடன்பிறந்தோர்

இந்த எண் முறையில் அண்ணன் தம்பிகளுக்கு இடமில்லை. தனித் தாள் போடுங்கள். லிசெலோட்டேயின் அண்ணன் கார்ல் 1685இல் வாரிசின்றி இறந்தார். அவள் பெயரைச் சொல்லி லூயி பலாட்டினேட்டில் உரிமை கோரினார். 1688இல் போர் மூண்டது, ஹைடல்பெர்க் கோட்டை தகர்க்கப்பட்டது. முன்னோர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் கார்ல் உங்கள் கண்ணிலேயே படமாட்டார்.