லினக்ஸ் உலாவியும் செருகுநிரலும்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். போன மாதம் அங்கே சென்றபோது, என்னிடம் வேலை பழகும் இரண்டு தம்பிகள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் (கையொப்பச் சான்றிதழைத் தாங்கிய யு.எஸ்.பி. சாதனம்) டிரைவரை மூன்றாவது முறையாக அழித்துவிட்டு நான்காவது முறையாக நிறுவிக்கொண்டிருந்தார்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "பழைய மெசின்ல இதேதானுங்ண்ணா போட்டோம், அங்க வருது, இங்க மட்டும் வரமாட்டேங்குது" என்றார் ஒருவர். 2022இல் நான் சொன்ன அதே சொற்கள். இணைய இணைப்பு இருக்கிறதா, டோக்கன் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்பன போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். பார்க்கத் தவறுபவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பழைய குறிப்பை நம்பி வேலையைத் தொடங்குவது

'செருகுநிரல்' (பிளகின்) என்று தேடினால் கிடைக்கும் லினக்ஸ் குறிப்புகளில் பெரும்பாலானவை செத்துப்போன ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றியவை. ஒரு நூலகக் கோப்பை (வேறு நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் கோப்பு), ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் பெயரிலுள்ள பிளகின்ஸ் கோப்புறையில் நகலெடுத்துப் போட்டு, உலாவியை மூடித் திறந்தால் வேலை செய்யும் என்று அவை சொல்லும். அந்த முறைக்கு என்.பி.ஏ.பி.ஐ. என்று பெயர். லினக்ஸில் குரோம் 2014லேயே அதைக் கைவிட்டுவிட்டது; ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பில் ஃபிளாஷைத் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்தியது; ஃபிளாஷும் 2020 டிசம்பர் 31உடன் முடிந்து, 2021 ஜனவரியில் வந்த 85ஆம் பதிப்பில் ஃபயர்பாக்ஸிலிருந்து முற்றிலும் நீங்கியது. இன்றைய உலாவி அந்தக் கோப்புறையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே கோப்பைச் சரியான இடத்தில் போட்டீர்களா, அதற்குச் சரியான அனுமதி கொடுத்தீர்களா என்ற கேள்விகளுக்கே இடமில்லை.

ஜாவா ஆப்லெட் (அந்தப் பழைய செருகுநிரல் வழியாக ஓடும் சிறு நிரல்) கேட்கும் ஒரு பழைய பக்கத்துக்காக ஃபயர்பாக்ஸின் பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து நிறுவி, அதையே அன்றாட வங்கி வேலைக்கும் பயன்படுத்திவந்த ஒருவரை அவிநாசியில் சந்தித்திருக்கிறேன். பல ஆண்டுகளாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் சேராத உலாவி அது. 'ஓடுதுல்லங்க, அப்புறம் என்ன' என்பது அவருடைய வாதம்.

இன்று நாம் நிறுவுபவை நீட்சிகள், அதாவது உலாவிக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்கள். டோக்கன் போன்ற வன்பொருளை நீட்சி பொதுவாக நேரடியாகத் தொட முடியாது. அதனால்தான் டோக்கன் சார்ந்த பல தளங்கள் தனியாக ஒரு கையொப்ப நிரலைக் கணினியில் ஓடவிட்டு, உலாவியை அதனுடன் பேச வைக்கின்றன. சிக்கல் உலாவியிலா, அந்தத் தனி நிரலிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

எந்த உலாவி ஓடுகிறது என்று பாராமலே செருகுநிரலைக் குறை கூறுவது

என் கைக்காசைத் தின்ற தவறு இதுதான்.

2022இல் உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்பு வெளிவந்த சில வாரங்களில், மேற்சொன்ன அலுவலகத்துக்கு ஒரு புதிய கணினி வந்தது. டோக்கனில் உள்ள சான்றிதழ் வழியாக மட்டுமே உள்ளே விடும் ஒரு தளத்தில் கணக்காளர் அக்கா நுழைய வேண்டியிருந்தது. 20.04இல் நான் பலமுறை செய்த வேலை: டோக்கனின் டிரைவரை நிறுவி, ஸ்மார்ட் கார்டு சேவையை இயக்கி, ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில் 'பாதுகாப்புச் சாதனங்கள்' பகுதியைத் திறந்து, டிரைவரின் நூலகக் கோப்பு இருக்கும் பாதையைக் கொடுத்து ஏற்ற வேண்டும். கொடுத்தேன். தொகுதியைச் சேர்க்க இயலவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. காரணம் ஏதும் சொல்லப்படவில்லை.

முனையத்தில் பார்த்தால் கோப்பு அதே பாதையில் இருக்கிறது. அனுமதிகளும் சரியாக இருக்கின்றன. டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மீண்டும் நிறுவினேன். பிறகு அதன் பழைய பதிப்பை நிறுவினேன். பிறகு 32 பிட் பதிப்பையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் நாள் மாலையில், டோக்கனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டிரைவருடன் வந்த கருவியைத் திறந்து, அக்கா முன்பு எப்போதோ சொன்ன பின் எண்ணை உள்ளிட்டேன். தவறு என்றது. மென்பொருள் மீதே சந்தேகமாக இருந்ததால் அந்தச் செய்தியையும் நம்பாமல் மீண்டும் மீண்டும் உள்ளிட்டேன். அவர் இடையில் பின் எண்ணை மாற்றியிருக்கிறார் என்பது, டோக்கன் பூட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் தவறினால் டோக்கன் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்; பூட்டைத் திறக்கும் நிர்வாகி எண் கையில் இல்லாவிட்டால், அதைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கலாமே தவிர, உள்ளே இருந்த சான்றிதழ் போனது போனதுதான். முதலாளியை மீண்டும் காணொளிச் சரிபார்ப்புக்கு உட்கார வைத்து, புதிய சான்றிதழை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். "பரவால்லைங்க, விடுங்க" என்று அவர் சொன்னது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

டிரைவர் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. 22.04இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் தொகுப்பாக வருகிறது என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. ஸ்னாப் உலாவி தனக்கென்று ஒரு தனி அறைக்குள் ஓடுகிறது. அதற்குத் தெரியும் கோப்பு மரமே வேறு. நூலகக் கோப்புறையின் பாதையை நாம் கொடுக்கும்போது, அது கணினியின் கோப்புறையைப் பார்ப்பதில்லை. அதே பெயரில் தன் அறைக்குள் இருக்கும் கோப்புறையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறது. ஈரோட்டுக் குடோனின் மூன்றாம் அடுக்கில் இருக்கும் மஞ்சள் மூட்டையை, அதே எண்ணிட்ட கோபிக் குடோனின் மூன்றாம் அடுக்கில் தேடிவிட்டு 'இல்லைங்க' என்று சொல்வது போன்றது இது. கோபிக்காரர் பொய் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கண்ணிவெடியும் உண்டு. 'ஆப்ட் கட்டளையில்தானே நிறுவினேன், எப்படி ஸ்னாப் ஆகும்?' என்று கேட்பவர்கள் பலர். 22.04இல், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் வழியாக ஃபயர்பாக்ஸைக் கேட்டாலும் வருவது ஒரு வெற்றுத் தொகுப்பு. அது ஸ்னாப்பை நிறுவிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிறுவிய தொகுப்புகளின் பட்டியலை டீபேக்கேஜ் கட்டளையில் பார்த்தால், ஃபயர்பாக்ஸின் பதிப்பெண் இருக்க வேண்டிய இடத்திலேயே 'ஸ்னாப்' என்ற சொல் எட்டிப் பார்க்கும். நான் அந்த வரியைக் குறைந்தது நான்கு முறை கண்ணால் பார்த்தேன், படிக்கவில்லை.

இன்று நான் எந்தக் கணினியிலும் முதலில் செய்வது, முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்றும் முக்காற்புள்ளியும் 'சப்போர்ட்' என்றும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, சுயவிவரக் கோப்புறையின் (உலாவி தன் அமைப்புகளையும் நீட்சிகளையும் வைத்திருக்கும் இடம்) பாதையைப் படிப்பதுதான். பாதையில் 'ஸ்னாப்' என்று இருந்தால் ஸ்னாப். புள்ளியுடன் தொடங்கும் 'வார்' கோப்புறை இருந்தால் பிளாட்பேக், அதுவும் ஸ்னாப்பைப் போன்ற ஒரு தனி அறைத் தொகுப்பு. இரண்டும் இல்லாமல் வீட்டுக் கோப்புறையில் மொசில்லாவின் பெயர் மட்டும் இருந்தால் வழக்கமான தொகுப்பு. இதற்கு அரை நிமிடம் ஆகும். ஒரே கணினியில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சுயவிவரங்கள் என்பதால், 'நேற்றுப் போட்ட நீட்சி இன்று காணோம்' என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

தனியார் டிரைவர் தேவைப்படும் கணினிகளில் மொசில்லாவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து டெப் தொகுப்பை (உபுண்டுவின் வழக்கமான தொகுப்பு வகை) நிறுவுகிறேன். 2024 ஜனவரியில் வந்த 122ஆம் பதிப்பு முதல் இது கிடைக்கிறது. அந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை எண் கொடுக்க மறந்தால், அடுத்த புதுப்பித்தலில் உபுண்டுவின் வெற்றுத் தொகுப்பு திரும்ப வந்து உட்கார்ந்துவிடும்.

சூடோ போட்டு உலாவியைத் திறப்பது

அனுமதிச் சிக்கல் என்று நினைத்து நிர்வாகி உரிமையுடன் உலாவியைத் திறப்பவர்கள் உண்டு. அப்படித் திறந்தால் சுயவிவரக் கோப்புகள் சில ரூட் (நிர்வாகி) பயனரின் பெயருக்கு மாறிவிடக்கூடும். மறுநாள் சாதாரணப் பயனராகத் திறக்கும்போது, சுயவிவரத்தை ஏற்ற முடியவில்லை என்று உலாவி மறுக்கும். உரிமையாளர் பெயரைத் திரும்ப மாற்றினால் சரியாகும். இணையத்தை மேயும் நிரலுக்குக் கணினியின் மொத்தச் சாவியையும் கொடுத்தது இன்னும் பெரிய தவறு.

நீட்சியை மட்டும் நிறுவி, துணை நிரலை மறப்பது

கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகத்தின் நீட்சி, கணினியில் ஓடும் நிரலுடன் பேசுவதற்கு ஜேசன் வடிவில் எழுதிய ஒரு சிறிய உரைக் கோப்பு வேண்டும். அதில் நிரலின் முழுப் பாதை இருக்க வேண்டும். வீட்டுக் கோப்புறையைச் சுட்டும் அலைக்குறியை எழுதினால் ஏற்காது. ஃபயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் இந்தக் கோப்பு ஒன்றல்ல. எந்த நீட்சிக்கு அனுமதி என்று குறிக்கும் புலத்தின் பெயரே வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்துவிட்டு ஒரு மாலை முழுவதும் விழித்திருக்கிறேன். 22.04 வந்த புதிதில் ஸ்னாப் ஃபயர்பாக்ஸில் இந்தப் பேச்சுவார்த்தையே நடக்காது. பிறகுதான் வழி திறந்தார்கள்.

காணொளி ஓடாததற்குச் செருகுநிரல் தேடுவது

காரணம் பெரும்பாலும் வேறு: காணொளியை விரித்துக் காட்டும் கோடெக் இல்லை, அல்லது ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் டி.ஆர்.எம். (நகலெடுப்புத் தடுப்புள்ள காணொளி) அனுமதி அணைந்திருக்கிறது. குரோமியம் என்றால் அத்தகைய காணொளிக்குத் தேவையான வைட்வைன் அதனுடன் வருவதே இல்லை.

கண்ட தளத்திலிருந்து நீட்சியை இறக்குவது

கூடாது.

சிக்கல் தீர்க்கும் பயன்முறைக்குப் பதிலாக 'ரெஃப்ரெஷ்' பொத்தானை அழுத்துவது

நான் மேலே சொன்ன சப்போர்ட் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, நீட்சிகளைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு உலாவியைத் திறக்கும் சிக்கல் தீர்க்கும் பயன்முறை. மற்றொன்று, ஃபயர்பாக்ஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 'ரெஃப்ரெஷ்'. புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அதில் தப்பிக்கும். ஆனால் நீட்சிகளும், சான்றிதழ், பாதுகாப்புச் சாதன அமைப்புகளும் போய்விடும். பழைய சுயவிவரம் ஒரு நகலாக மேசைத்திரையில் கிடக்கும் என்பது ஆறுதல்.

போன மாதம் அந்தத் தம்பிகளிடம் ஸ்னாப் கதையை விளக்கிவிட்டு, பக்கத்து மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியில் சுயவிவரப் பாதையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர்களில் ஒருவர் பக்கத்தைச் சரியாகத்தான் திறந்தார். "ரெஃப்ரெஷ்ஷுன்னு இருந்துச்சுங்ண்ணா, பக்கம் புதுசா வருமேன்னு அமுக்கினேன்" என்றார். அன்று இரண்டு கணினிகளிலும் டோக்கனை முதலிலிருந்து சேர்த்து முடிக்க இரவு எட்டு மணி ஆனது. பின் எண்ணை மட்டும் அக்காவே வந்து உள்ளிட்டார்.