சீனத்துச் சதுரத்துளைக் காசுகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

நடுவில் சதுரத் துளையுடைய பழைய சீன நாணயத்தை நாணயவியலார் உலகெங்கும் 'கேஷ்' என்று குறிப்பிடுகின்றனர். அது வேறெதுவுமன்று, நம்முடைய 'காசு' என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்திற்குச் சென்று, பிறகு சீன நாணயத்தின் மீது ஒட்டிக்கொண்டது. எனவே இவற்றைக் காசு என்றே அழைப்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

கி.மு. 221இல் சீனாவை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த சின் அரசு, வட்டக் காசில் சதுரத் துளை என்னும் வடிவத்தை நாடெங்கும் பொதுவாக்கியது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியில் சிங் வம்சம் வீழும் வரை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. இவ்வளவு நீண்ட காலத்தை ஒருவர் முழுமையாகச் சேர்த்துவிட முடியாது என்பதால், ஏதேனும் ஒரு காலப்பகுதியைத் தேர்ந்துகொள்வதே முதல் வேலை. பெரும்பாலோர் சிங் காலக் காசுகளிலிருந்து தொடங்குமாறு கூறுவர். நான் வட சோங் காலத்தை, அதாவது 960 முதல் 1127 வரையிலான காலத்தைப் பரிந்துரைப்பேன். யுவான்ஃபெங் என்னும் ஆட்சிப்பெயர் வழங்கிய ஆண்டுகளில் (1078–1085) மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது லட்சம் சரங்கள் வார்க்கப்பட்டன. ஒரு சரம் என்பது பெயரளவில் ஆயிரம் காசு. ஆகவே, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய அசல் காசு ஒன்று இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இவ்வளவு மலிவான பொருளைப் போலியாகச் செய்வதில் ஆதாயம் குறைவு என்பது தொடங்குபவருக்குக் கிடைக்கும் இன்னொரு பாதுகாப்பு.

சோங் பேரரசர்கள் தம் ஆட்சிக்காலப் பெயரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினர். அந்தப் பெயரே காசில் பொறிக்கப்பட்டதால், எழுத்தைப் படித்தவுடன் காசின் வயது சில ஆண்டு இடைவெளிக்குள் தெரிந்துவிடும். அதைவிடச் சுவையானது, ஒரே பெயரைப் பல எழுத்து வடிவங்களில் வார்த்த வழக்கம். முத்திரைகளில் வழங்கிய பழைய வடிவமான முத்திரை எழுத்தில் ஒன்றும், விரைந்து எழுதும் வடிவமான ஓட்டெழுத்தில் ஒன்றுமாக, அளவிலும் துளையிலும் ஒத்திருக்கும் இரண்டு யுவான்ஃபெங் காசுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே பட்டறையின் இணைகள் என்பது விளங்கும். இப்படி இணை தேடுவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிடலாம். ஹுயிசோங் பேரரசர் தம் கையெழுத்தான மெலிந்த, கூரிய வடிவத்தையே தாகுவான் என்னும் ஆட்சிப்பெயருடைய காசுகளில் பொறிக்கச் செய்தார். சேர்ப்போரில் அதை விரும்பாதவர் அரிது.

சீன மொழி தெரியாமல் எப்படிப் படிப்பது என்ற கேள்வி எழும். நான்கு எழுத்துகளில் கடைசியானது பெரும்பாலும் 'பாவ்', அதாவது செல்வம். அது துளையின் இடப்புறத்தில் இருக்கும். திருத்தமான நேரெழுத்து வடிவத்தில் மேலே கூரைபோன்ற கோடும் அடியில் விரிந்த இரண்டு குட்டைக் கால்களும் அதன் அடையாளம். அந்த எழுத்து இடக்கைப் பக்கம் வருமாறு காசைத் திருப்பிவிட்டால், மேலே இருப்பது முதல் எழுத்து. அடுத்து, மூன்றாம் எழுத்தைத் தேட வேண்டும். அது 'தோங்' அல்லது 'யுவான்' என்று இருக்கும். அது வலப்புறத்தில் இருந்தால் மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையிலும், அடியில் இருந்தால் மேலிருந்து வலமாகச் சுற்றியும் படிக்க வேண்டும். ஆக, உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆட்சிப்பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளே. படங்களுடன் கூடிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது காசுகளைப் படித்து முடிப்பதற்குள் அவை மனத்தில் பதிந்துவிடும். சிங் காலக் காசாக இருந்தால் அதன் பின்புறத்தையும் பார்க்க வேண்டும்: துளையின் இருபுறமும் செங்குத்தாக நிற்பது சிங் அரசர்களின் மொழியான மஞ்சுவின் எழுத்து, இடப்புறச் சொல் பெரும்பாலும் 'போவ்' என்ற பொதுச்சொல்லாகவும், வலப்புறச் சொல் வார்ப்படச்சாலையின் பெயராகவும் இருக்கும்.

சோங் காசுகளில் கை பழகியபின், சோங்குக்கு முந்தைய தாங் வம்சக் காலக் காசு ஒன்றையாவது வாங்கி லென்சின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். 621இல் வெளிவந்த 'காய் யுவான் தோங் பாவ்' காசு, அதுவரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய 'வு சூ' என்னும் எடைப்பெயர்க் காசுக்கு முடிவு கட்டியது. அதன் எழுத்துகளை ஓயாங் சுன் என்ற எழுத்துக்கலைஞர் வரைந்தார். அடியிலுள்ள 'யுவான்' எழுத்தில் மேற்கோடு குட்டையாக இருக்கிறதா, இரண்டாம் கோட்டின் இடமுனை மேல்நோக்கி வளைகிறதா என்பதுபோன்ற நுட்பங்களைக் கொண்டே வகை பிரிக்கின்றனர். சில காசுகளின் பின்புறத்தில் மெல்லிய பிறை ஒன்று இருக்கும். மெழுகு மாதிரியைப் பார்வையிட்ட பேரரசியின் நகம் பட்ட தடம் அது என்று கதை சொல்வர். கதையை நம்ப வேண்டியதில்லை, பிறையுள்ள காசைத் தவறவிடவும் வேண்டியதில்லை. பின்புறத்தில் ஊர்ப்பெயர் எழுத்து இருந்தால் அது 845ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்ததாகலாம். பௌத்த மடங்களைக் கலைத்த வூசோங் பேரரசரின் ஆட்சியில், அவற்றின் சிலைகளையும் மணிகளையும் உருக்கி வார்த்தவை அவை.

கருவிகள் மூன்று போதும்: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் அளவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்.

போலியை அறிவதற்குக் காசு எப்படிப் பிறந்தது என்பதை அறிய வேண்டும். மாதிரியாகச் செய்த தாய்க்காசுகளை மண்ணில் அழுத்திப் பதித்து, அந்தப் பள்ளங்களில் உலோகத்தை ஊற்றினர். கிளைகளில் காய்த்தது போல வெளிவந்த காசுகளை ஒடித்தெடுத்து, சதுரக் கம்பி ஒன்றில் கோத்து, விளிம்புகளை ஒருசேர அரத்தால் தேய்த்தனர். காசு சுழலாமல் நிற்கச் சதுரத் துளையே உதவியது. ஆகவே அசல் காசின் விளிம்பில் அரத்தின் தடமும், துளையின் உட்சுவரில் கரடுமுரடும் தெரிவது இயல்பு. சிங் பேரரசர் சியான்ஃபெங் காலத்து நூறு மதிப்புள்ள பெரிய காசு என்று நம்பி நான் தொடக்கத்தில் வாங்கிய ஒன்று எழுத்திலும் களிம்பிலும் குறையில்லாமல் இருந்தது. ஆனால் துளையின் நான்கு உட்சுவர்களிலும் நடுவே ஒரே உயரத்தில் மயிரிழை போன்ற அச்சு இணைப்பு வரி ஓடியது. அரம் அதன் பக்கமே போகவில்லை. அசிட்டோனில் ஊறவைத்தபோது 'நூற்றைம்பது ஆண்டுக் களிம்பு' பஞ்சில் பச்சையாக வந்துவிட்டது. சிங் அரசுக்கு எதிரான தைப்பிங் கிளர்ச்சியால் கருவூலம் வறண்டதால் வெளியிடப்பட்ட அந்தப் பெரிய காசுகளுக்கு இன்று விலை அதிகம். அவற்றைத் தொடக்கத்தில் தொடாதிருப்பது நல்லது.

நிறமும் ஒரு சாட்சி. தாங், சோங் காசுகள் செம்பு, ஈயம், வெள்ளீயம் கலந்த வெண்கலம். துத்தநாகம் கலந்த பித்தளை பதினாறாம் நூற்றாண்டில், மிங் காலத்தில்தான் காசுக்கு வந்தது. சோங் காசு ஒன்றின் தேய்ந்த மேடு மஞ்சளாகப் பளபளத்தால் ஐயுற வேண்டும். ஷுன்சி முதல் ஜியாசிங் வரையான ஐந்து சிங் பேரரசர்களின் காசுகளைச் சிவப்புக் கயிற்றில் கட்டி அதிர்ஷ்டப் பொருளாக விற்கின்றனர். அவற்றில் பெரும்பாலானவை நேற்று வார்த்தவை.

வாங்கிய காசைத் துலக்கவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்ல நீக்கலாம். அமிலமும் கம்பித் தூரிகையும் களிம்போடு காசின் வரலாற்றையும் விலையையும் சேர்த்தே சுரண்டிவிடும். வெளிர்பச்சைப் பொடி திட்டுத்திட்டாகப் பூத்து, துடைத்தபின்னும் மீண்டும் வருமானால், அது குளோரைடால் உண்டாகும் வெண்கல நோய். அத்தகைய காசை உடனே தனிமைப்படுத்தி, சிலிக்கா ஜெல்லுடன் ஈரம் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுப்பைக் கசியவிடும் என்பதால் மைலார் என்னும் தெளிந்த பாலியெஸ்டர் படலச் சாளரமுள்ள அட்டைகளையே பயன்படுத்த வேண்டும். அட்டையில் எடை, விட்டம், வாங்கிய நாள், விலை, விற்றவர் ஆகியவற்றை எழுதி, ரசீதையும் வைத்திருக்க வேண்டும். பழம்பொருள்களை அனுமதியின்றி வெளியே கொண்டுசெல்வதைச் சீனச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவும் 2009 முதல் தாங் காலம் வரையிலான சீனத் தொல்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது, காசுகளும் அதில் அடக்கம்.

மொத்தமாக வாங்கிய குவியலில் சீனத்துக்குரியவை அல்லாத காசுகளும் கலந்திருக்கும். 'கான்ஏய் சூஹோ' என்று படிக்கப்படும் ஜப்பானியக் காசு அடிக்கடி வரும். பின்புறத்தில் அலைவரிகள் இருந்தால் ஐயமே இல்லை. பின்புறத்தில் எழுத்துகள் நெருங்கிய 'சாங்பியோங் தோங்போ' கொரியாவுடையது. சிக்கலானது நாகசாகியில் 1659 முதல் 1685 வரை வியட்நாமுடனான வணிகத்திற்காக வார்க்கப்பட்ட காசு. அது சோங் காலத்து யுவான்ஃபெங் பெயரையே தாங்கியிருக்கும். எழுத்தின் நடை சற்று அந்நியமாகத் தோன்றும் யுவான்ஃபெங் காசுகளையெல்லாம் தனி டப்பா ஒன்றில் போட்டு வைப்பது என் வழக்கம். அந்த டப்பாவில் இப்போது பதினொன்று இருக்கின்றன.