புதுச்சேரியிலிருந்து அலாஸ்காவுக்கு: குடும்பத்தோடு பனியாறும் திமிங்கலமும் பார்க்கப் போவது எப்படி?

சுண்ணாம்பாறு படகுத்துறையில் ஏறி பாரடைஸ் கடற்கரைக்குப் போய் வருவதுதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த படகுப் பயணம். அலாஸ்கா சொகுசுக் கப்பலில் ஏழு இரவு கடல்மேல்தான் தூக்கம், சாப்பாடு எல்லாம். ஆனால் இதில் முதல் முறை போகிறவர்களைக் கவிழ்ப்பது கடல் அல்ல, காகிதம். கப்பல் சீட்டை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் விசாவுக்கு அலைகிறவர்கள்தான் பணத்தை விடுகிறார்கள். அதனால் காகிதத்தில் தொடங்கி, மாதம், தடம் என்று முடித்துவிட்டுக் கடைசியில்தான் கப்பலுக்கு வருவோம். புறப்படுவதற்குக் குறைந்தது பத்து மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள்.

ஒரு சொல் விளக்கம்: செய்திகளில் எல்லாவற்றையும் 'பனிப்பாறை' என்றே எழுதிவிடுகிறார்கள். மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனி, பனியாறு. அதிலிருந்து உடைந்து கடலில் மிதப்பது பனிப்பாறை. நாம் பார்க்கப் போவது இரண்டையும்.

படி 1: பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது?

காலாவதிக்கு, பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் இனிஷியல். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வந்தால், உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். கப்பல், விமானப் பதிவுகளிலோ இரண்டு கட்டமும் நிரம்பாமல் மேலே நகரவே முடியாது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று நிரப்பினால் கப்பலேறும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இதற்கு இரண்டு வழி. விசா கேட்கும் முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளலாம். இல்லையென்றால், எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று பயண முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, எல்லாச் சீட்டிலும் அதையே பின்பற்றலாம். குழந்தைகள் இருந்தால் முதல் வழிதான் நிம்மதி. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதானால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை நோட்டரியிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

படி 2: ஒன்றல்ல, இரண்டு விசா

அலாஸ்கா அமெரிக்காவில்தானே இருக்கிறது, அமெரிக்க விசா போதாதா என்று கேட்பார்கள். போதாது. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கத் தடை போடுகிறது. பெரிய சொகுசுக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடி. அதனால் சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பலும் நடுவில் கனடாவின் விக்டோரியாவில், பெரும்பாலும் ஒரு மாலை நேரம், நின்று வரும். நீங்கள் அங்கே இறங்காவிட்டாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். அது இல்லாமல் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

முதலில் அமெரிக்க விசா. டிஎஸ்-160 படிவத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்பி, தலைக்கு 185 டாலர் கட்டி, சென்னையில் நாள் வாங்க வேண்டும். கைரேகைக்கு ஒரு நாள், துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். காத்திருக்கும் காலம் சில சமயம் மாதக்கணக்கில் நீளும். பத்து மாதக் கணக்கு இதற்காகத்தான். குழந்தைகளும் நேரில் வர வேண்டுமா என்ற விதி மாறிக்கொண்டே இருப்பதால், நாள் வாங்கும்போது தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அது கையில் வந்ததும் கனடா வருகையாளர் விசா. தலைக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தமே 170தான். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை கிடையாது. விசா வந்ததும் பல முறை நுழையும் வகைதானா என்று பாருங்கள். வான்கூவரில் இறங்கி, கப்பலில் அமெரிக்க எல்லைக்குள் போய், மறுபடி வான்கூவருக்கே வருவது கனடாவுக்குள் இரண்டாவது நுழைவு.

படி 3: எந்த மாதம்?

கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஓடும். குளிர்காலத்தில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஹவாய் பக்கம் போய்க் குட்டி போடுகின்றன. இரை தின்ன அலாஸ்காவுக்கு வருகின்றன. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நிறைய இருக்கும். கட்டணமும் அப்போதுதான் உச்சம். மே மாதம் மலிவு, மழையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் மிதக்கும் பனி அதிகமாக இருந்தால் கப்பல் சில பனியாறுகளுக்குப் பக்கத்தில் போக முடியாமல் திரும்பிவிடும். செப்டம்பரில் மழை கொட்டும்.

நம் பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் மே கடைசி வாரம் சரியாகப் பொருந்தும். விடுமுறைக் கவலை இல்லாதவர்கள் ஜூலைக்குப் போகலாம்.

படி 4: கப்பலைப் பார்க்காதீர்கள், தடத்தைப் பாருங்கள்

விளம்பரத்தில் சறுக்கு மரமும் நீச்சல் குளமும் பெரிதாகத் தெரியும். நீங்கள் படிக்க வேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நாள்வாரி அட்டவணையை. அதில் எந்தப் பனியாற்றின் பெயர் இருக்கிறது?

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் கப்பல்களுக்குத்தான் அந்த நாள்களில் பெரும்பங்கு. பூங்காக் காவலர்களே கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். கிட்டத்தட்ட பகல் முழுவதும் உள்ளே இருப்பீர்கள். அங்குள்ள மார்ஜரி பனியாற்றின் நீளம் 34 கிலோமீட்டர். கடலில் நிற்கும் முகப்பு நீர்மட்டத்துக்கு மேலே 76 மீட்டர். 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற கப்பல் தலைவரின் ஆட்கள் வந்தபோது இந்த விரிகுடாவே ஏறக்குறைய முழுக்கப் பனியாக இருந்தது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது அந்தப் பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது.

ஹப்பார்டு பனியாறு இதைவிடப் பெரிது. நீளம் 122 கிலோமீட்டர். நம் ஈசிஆரில் வைத்துப் பார்த்தால் புதுச்சேரியில் தொடங்கி மாமல்லபுரத்தையும் தாண்டிவிடும். முகப்பின் அகலம் மட்டுமே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி. பெரும்பாலான பனியாறுகள் சுருங்கும்போது இது முன்னே வந்துகொண்டிருப்பது ஒரு விசித்திரம்.

ஜூனோ நகருக்கு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெண்டன்ஹால், பேருந்தில் போய்ப் பார்ப்பது, கப்பலிலிருந்து தெரியாது. அட்டவணையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைப் பனியாற்றுப் பயணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

எங்கிருந்து கிளம்புவது? சியாட்டில் கப்பல்கள் வழக்கமாக வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாகத் திறந்த பசிபிக்கில் போகும், அலை அதிகம். வான்கூவர் கப்பல்கள் தீவுகளுக்கு உட்பக்கமாகப் போகும். குயின் சார்லட் பகுதியில் மட்டும் சில மணி நேரம் ஆட்டம் இருக்கும், மற்றபடி ஏரி மாதிரிதான். தாத்தா பாட்டியும் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் வான்கூவர்.

படி 5: அறையும் முன்பணமும்

அறை நான்கு வகை: சன்னல் இல்லாதது, சன்னல் மட்டும் உள்ளது, பால்கனி உள்ளது, சூட் எனும் பெரிய அறை. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு. பால்கனி சுகம்தான், ஆனால் பனியாற்று நாளில் எப்படியும் மேல்தளத்துக்குத்தான் ஓடுவீர்கள். கையிருப்பு இழுத்துப் பிடித்தால் உள்ளறை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தைத் திமிங்கலப் படகுக்கு வையுங்கள். எந்த வகையானாலும் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்று கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையை ஏற்ற மாட்டார்கள். 24 வாரம் தொடங்கிய கர்ப்பிணிக்கும் அனுமதி இல்லை. விசா கையில் வரும் முன் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், திருப்பித் தரக்கூடிய முன்பண வகையை மட்டும் எடுங்கள். முழுத் தொகையைப் பெரும்பாலும் 90 நாளுக்கு முன் கேட்பார்கள். அதன்பின் ரத்து செய்தால் இழப்பு ஏறிக்கொண்டே போகும்.

சீட்டு விலையில் சேராதவை: பணியாளர் அன்பளிப்பு (தலைக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர், நான்கு பேருக்கு ஏழு நாளில் 448 முதல் 560 வரை), துறைமுக வரி, வைஃபை, கரைச் சுற்றுலா. திமிங்கலப் படகு தலைக்குச் சுமார் 150 முதல் 200 டாலர். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் உண்டா என்று பாருங்கள். கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை. இங்குள்ள முகவரிடம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். சான்றிதழை வாங்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

படி 6: பெட்டியில் என்ன?

கோடையிலும் பகலில் 10 முதல் 18 டிகிரிதான். பனியாற்றுக்கு எதிரே காற்றில் இன்னும் குறையும். கனமான ஒரே கோட்டை விட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டும் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத, தலைமூடி வைத்த மேலாடை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. குடையும் உதவாது, காற்று பிய்த்துவிடும். அலாஸ்காவின் கெட்சிகன் ஊரில் ஆண்டு மழை சுமார் 3,800 மில்லிமீட்டர், புதுச்சேரியைப் போல மூன்று மடங்கு. ஊட்டிக்குப் போட்டுக்கொண்ட மங்கி குல்லாவைத் தாராளமாக எடுத்து வாருங்கள். கையுறையும் வேண்டும். பைனாகுலர் 8 மடங்கு போதும். அதற்கு மேலே போனால் கப்பல் ஆட்டத்தில் படம் நடுங்கும்.

மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் கடையில் வாங்கிய மூடி பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி ஆகவே ஆகாது. சுங்கப் படிவத்தில் உணவு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கருவாடு வீட்டிலேயே இருக்கட்டும், பக்கத்து அறைக்காரர்கள் பாவம். சைவம் என்றால் பதிவின்போதே 'இந்திய சைவம்' என்று எழுதச் சொல்லுங்கள். கப்பலில் முதல் இரவே உணவகத் தலைமைப் பணியாளரிடம் சொன்னால் மறுநாளிலிருந்து ஏற்பாடு நடக்கும்.

கடல் குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

படி 7: போய்ச் சேர்வது

சென்னை விமான நிலையத்துக்கு ஈசிஆரில் மூன்றரை மணி நேரம் வையுங்கள். கடலூர்க்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வான்கூவருக்கு நடுவில் ஒரு இடத்திலாவது விமானம் மாற வேண்டும். அங்கே நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். கப்பல் கிளம்பும் நாளன்றே போய் இறங்கும்படி சீட்டு எடுக்கவே எடுக்காதீர்கள், இரண்டு நாள் முன்பே இறங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

அலாஸ்கா நேரம் வான்கூவரைவிட இன்னும் ஒரு மணி நேரம் பின்னால். ஃபோன் தானாக நேரம் மாற்றும், கப்பல் மாற்றாமலும் இருக்கலாம். கரையில் இறங்கும்போது கப்பல் கடிகாரம்தான் கணக்கு. கைக்கடிகாரம் ஒன்றை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாக எடுத்ததென்றால் போய்விடுவார்கள். ஃபோனை ஏறியவுடன் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், கடல் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும்.

படி 8: பனியாற்று நாள்

பலரும் பனியாறு கண்ணுக்குத் தெரிந்த பிறகு மேலே ஏறி வருகிறார்கள். அதற்குள் நல்ல இடம் போய்விடும். ஒரு மணி நேரம் முன்பே தளத்துக்கு வந்து நில்லுங்கள். பனியாற்றின் முகப்புக்கு எதிரே கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும். இரண்டு பக்கத்துக்கும் காட்சி வரும் என்பதால் ஓட வேண்டியதில்லை.

பனி நீலமாகத் தெரிவது சாயம் அல்ல. பல நூறாண்டு எடையில் காற்றுக்குமிழ் நசுங்கி அடர்ந்த பனி, சிவப்பு ஒளியை விழுங்கி நீலத்தை விடுகிறது. மேகமூட்ட நாளில் நீலம் இன்னும் அழுத்தமாக இருக்கும், அதனால் வெயில் இல்லையே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். துண்டு உடைந்து விழுவதை முதலில் கண் பார்க்கும், இடிச்சத்தம் பிறகு வரும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று வினாடி. சத்தம் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் எகிறுவதைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகள் உதிரும் இடம் எது என்று பார்த்து, அங்கேயே கண்ணை வையுங்கள். பெரியது பல நேரம் அதே இடத்தில்தான் விழும்.

படி 9: திமிங்கலம்

பெரிய கப்பலிலிருந்தும் தெரியும், ஆனால் தூரத்தில். கிட்டே பார்க்க ஜூனோவின் ஆக் பேயிலிருந்தோ ஐசி ஸ்ட்ரெயிட் பாயிண்ட் துறைமுகத்திலிருந்தோ சின்னப் படகு எடுங்கள். விதிப்படி படகு 100 கெஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போங்க" என்று படகோட்டியை நச்சரிக்க வேண்டாம்.

தேடுவது எப்படி? வாலைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். தண்ணீர்மேல் புகை எழுந்து கலைவது போல, மூன்று மீட்டர் உயரத்துக்குத் தெரியும். கடற்பறவைகள் கூட்டமாகத் தாழ்ந்து விழும் இடத்தையும் கவனியுங்கள். அடியில் மீன் மொய்க்கிறது என்று தேவனாம்பட்டினத்துக் கடலோடிகள் படிக்கும் அதே குறிதான் அங்கேயும் திமிங்கலத்தைக் காட்டும். முதுகை வில்லாக வளைத்து வாலைத் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். வாலின் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளை வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே ஆளை அடையாளம் சொல்கிறார்கள். பல திமிங்கலங்கள் சேர்ந்து குமிழியால் வலை கட்டி ஹெர்ரிங் மீனை மடக்கி, வாயைப் பிளந்து ஒன்றாக மேலே வருவதும் உண்டு. அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். எந்தப் படகும் அதற்கு உறுதி தர முடியாது.

படி 10: இறங்கும் காலை

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அடையாளச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள், மறுநாள் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட், மருந்து, காலையில் போட ஒரு மாற்று உடை, செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, குளிர்காலையில் இரவு உடையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடிவரவு வரிசையில் நிற்கும் குடும்பம் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றாவது உண்டு.